நல்ல மூச்சு

"லோகநாதன்!" என்று நர்ஸ் கூப்பிட்டதும், அடையாள அட்டையை இறுகப் பிடித்தபடி அவன் எழுந்தான். கப்பலுக்குள் சூடு தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு ஒட்டும் ஆட்களுக்கு இன்று மூச்சுப் பரிசோதனை. தேறாதவனுக்கு நாளையிலிருந்து வேலை கிடையாது.

டாக்டர் அட்டையிலிருந்த போட்டோவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாடி எங்கே?"

"வழிச்சிட்டேன் சார்."

"மாஸ்க் கேட்டு மனு குடுத்தவன் நீதானே?"

"ஆமா சார். ஆறு வருசமா மூஞ்சில துணி கட்டிக்கினுதான் வேல செய்றோம். அந்தப் பஞ்சுத் தூசு உள்ள போனா நெஞ்ச அறுக்குது சார்."

"சரி, இதுல ஊது."

குழாயை வாயில் வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதினான். திரையில் கோடு விறுவிறுவென ஏறியது. டாக்டர் அசந்துபோய், பக்கத்தில் நின்ற புது சூப்பர்வைசரிடம் திரும்பினார்.

"ஆறு வருஷம் வெறும் துணியோட வேலை செஞ்சவனுக்கே நுரையீரல் இப்படி இருக்கு. அப்புறம் எதுக்குய்யா மாஸ்க்?"

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கையிலிருந்த மனுவை இரண்டாகக் கிழித்தார்.

வெளியே சவுக்கு மர நிழலில் குந்தியபடி ஒருவர் இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்தார். அவன் போய் அடையாள அட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"இன்னாடா தீனா, நான் பாஸா?" இருமலுக்கு நடுவே கேட்டார் லோகநாதன். "மாஸ்க் பத்தி எதுனா சொன்னாங்களா?"

"பாஸுண்ணா."

ஏரியில் மூச்சடக்கி மூழ்கிக் கையால் இறால் பிடிக்கிற தம்பிக்கு, அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை.