வடக்குப் பக்கத்துக் கல்

"வெள்ளைக்காரி கால் வைச்சா முட்டை உடையாதோ? நான் வைச்சாத்தான் உடையுமோ, சரீப் நானா?"

மாகிரட் கத்தின கத்தலில், இறக்கக்கண்டிக் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சரீப் நானா அசையவில்லை. ஊரே அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுகிற அவர், புறாத்தீவுக்கு அரசாங்கம் போட்ட காவல்காரர்.

"புறா அடைகிடக்கிற காலம், தங்கச்சி. அது சரணாலயம். ஊர் ஆக்களை ஏத்த ஏலாது."

"இப்ப ரெண்டு சோடியை ஏத்தி விட்டீங்களே!"

"அவங்க பெர்மிட்டோட வந்தவங்க."

"என்ர புருசன் செத்த இடத்தைப் பாக்க எனக்குப் பெர்மிட்டோ?"

மனுசன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் இருந்தால் ஒரு ஆறுதல் வார்த்தை வராதா, சொல்லுங்கள்?

வெள்ளைக்காரர் நிலாவெளிப் பக்கம் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. மாகிரட்டின் புருசன் யோசேப் செத்து அடுத்த மாதத்தோடு ஒரு வருசம். விடியப்புறம் தனியாக வள்ளத்தில் போனவன். தீவின் வடக்குப் பக்கத்துக் கல்லில் ஏறி நின்றவனை அலை இழுத்துக்கொண்டு போனது என்று மரண விசாரணையில் சத்தியம் பண்ணிச் சொன்னது இந்தச் சரீப்தான். கண்ட சாட்சி அவர் ஒருவரே.

கடலிலேயே வளர்ந்த யோசேப்பாவது, அலையில் மூழ்கித் தாண்டு போறதாவது! மாகிரட்டுக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்திவைக்க அவனுக்கென்று ஒரு கல்லறைக் குழி இல்லை. அந்தக் கல்லையாவது தொட்டு அழுவோம் என்றால், இந்த மனுசன் குறுக்கே நிற்கிறார்.

"இருங்கோ, உங்களுக்கு ஒரு வேலை செய்யிறன்," என்று பஸ் ஏறியவள், திருகோணமலை அரசாங்கக் கச்சேரி வாசலில்தான் இறங்கினாள்.

அங்கே மரத்தடியில் மேலிடத்துக்கு முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுக்கிற அருளம்பலம் கதையை முழுக்கக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது காணாது, பிள்ளை. வெள்ளைக்காரரிட்டச் சாராயப் போத்தில் வாங்கிக்கொண்டுதான் விடுறவர் எண்டு ஒரு வரி போடுவம்."

"ஐயோ, அவர் குடிக்கிறேல்ல. அஞ்சு நேரமும் தொழுகிற மனுசன்."

"அது கொழும்பில இருக்கிறவைக்குத் தெரியுமே?"

மாகிரட் ஒரு கணம் யோசித்தாள். ஒரே ஒரு கணம்தான்.

"போடுங்கோ," என்றாள்.

ரோட்டுப் போடச் சொல்லி எழுதினால் பத்து வருசம் பதில் வராது. ஆளைத் தூக்கச் சொல்லி எழுதிப் பாருங்கள்! மூன்று கிழமைக்குள்ளேயே விசாரணைக்கு ஆள் வந்துவிட்டது. பாக்கியரத்தினம் என்ற அந்த அதிகாரி கரையிலேயே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளைக்காரரை விடுறீர். கச்சேரி ஆக்களை விடுறீர். இந்த ஊர்ச் சனத்தை மட்டும் ஏன் மறிக்கிறீர்?"

என்ன பொய் சொல்லப்போகிறார் என்று மாகிரட் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ட பிழைதான், சேர்."

"அப்ப போத்தில் வாங்கினதும் உண்மையோ?"

சரீப் நானா ஒரு தரம் மாகிரட்டைப் பார்த்தார். "அதையும் எழுதிக்கொள்ளுங்க, சேர்," என்றார்.

தண்டனை, இடமாற்றம். மலைநாட்டில் ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு வாவி, அதன் நடுவில் பறவைகளுக்கென்று ஒரு தீவு. அதற்குக் காவல். மூச்சிழுக்கிற தொய்வுக்காரன் அந்தக் குளிரில் ஒரு மாரிகாலம் தாங்கமாட்டான் என்று ஊரே பரிதாபப்பட்டது.

"கிடந்து நடுங்கட்டும்," என்றாள் மாகிரட்.

யோசேப் செத்து வருசம் முடிந்த அன்று காலை, தம்பி பேணாட்டைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தடிக்கு வந்தாள். புதுக் காவல்காரன் இன்னும் வந்து சேரவில்லை. பேணாட் நல்லவன்தான். ஆனால் ரெண்டு மிடறு உள்ளே போனால் வாய் நில்லாது. றங்குப்பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்து நின்ற சரீப் நானா, இவர்களைக் கண்டதும் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, வடக்குக் கல்லில நீங்க மட்டும் ஏறுங்க. பேணாட் வள்ளத்திலயே இருக்கட்டும்."

"இன்னும் உங்கட சட்டம் முடியேல்லையோ?"

வெடுக்கென்று சொன்னாளே தவிர, தீவுக்குப் போனதும் என்னவோ தனியாகத்தான் ஏறினாள்.

கல் நடுவில் பிளந்து கிடந்தது. கீழே தெளிந்த தண்ணீருக்குள் பவள முருகைக்கல் எல்லாம் பொடிப்பொடியாகச் செத்து, வட்டமாய் ஒரு பெரிய குழி. வெள்ளைக்காரருக்கு அது வெறும் உடைந்த கல். இறக்கக்கண்டியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும்.

டைனமைட்.

யோசேப் தாண்டு போகவில்லை. மீனுக்கு எறிய எடுத்த கள்ள வெடி கையிலேயே வெடித்திருக்கிறது. அதை ஒரு வாய் சொல்லியிருந்தால் அரசாங்கம் வள்ளத்தைப் பறித்திருக்கும். அந்த ஒரு வள்ளத்தை நம்பித்தான் அவளுடைய மூன்று பிள்ளைகளும் சோறு தின்கிறார்கள்.

"பாவி, நானெல்லோ பாவி," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மெழுகுதிரி கொளுத்தவில்லை. கரைக்கு வந்ததும் விழுந்தடித்து ஓடினாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. யன்னலோரம் சரீப் நானா.

"நானா, இறங்குங்கோ! அந்தப் பெட்டிசம் பொய் எண்டு இண்டைக்கே திருப்பி எழுதிறன். நீங்கள் ஏன் மறிச்சனீங்கள் எண்டும் எழுதிறன்!"

சரீப் நானா சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். கொண்டக்டர் மணி அடித்தான். அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"ஏன் மறிச்சனான் எண்டு எழுதுவீங்க, தங்கச்சி?"