பின் கதவு

சேகரிப்பாளர்களுக்காக ராணுவ வண்டிகளின் குட்டி மாதிரிகள் செய்யும் பட்டறை அது. சக்கரம் பெரிசு, பச்சை வெளுப்பு என்று காலையிலிருந்து வந்த புகார்களைக் கேட்டே வடிவமைப்பாளர் அலுத்துப்போயிருந்தாள். போதாக்குறைக்கு ஒரு வயதான அம்மா வேறு, புது வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தாள்.

“இதுல பின் கதவு திறக்கவே மாட்டேங்குதும்மா. பழசுல திறந்துச்சே?”

“பழசு தப்பும்மா. நிஜ வண்டியில அந்தக் கதவு சிக்கிக்கும், திறக்க வராது. ஆளாளுக்குக் குறை சொன்னாங்கன்னுதான் இப்போ ஒட்டிட்டோம்.”

“எனக்குப் பழசே கொடேன். என்கிட்ட இருந்தது கீல் தேஞ்சு உடைஞ்சுபோச்சு.”

வடிவமைப்பாளர் பெருமூச்சு விட்டாள். “பழசு இப்போ செய்யறதில்லம்மா. யாரு, உங்க பையன் சேர்த்து வைக்கிறாரா? அவரை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்.”

“அவன் எங்கம்மா வரப்போறான்? பட்டாளத்துல இதே மாதிரி வண்டி தீப்பிடிச்சப்போ அதுக்குள்ளதான் இருந்தான். கதவு சிக்கிக்கிச்சாம்.” அந்த அம்மா வண்டியின் பின்பக்கத்தை விரலால் தடவினாள். “தினமும் எழுந்ததும் நான்தான் திறந்து விடுவேன்.”

வடிவமைப்பாளர் மெல்ல வண்டியை வாங்கி, ஒட்டியிருந்த கதவின் விளிம்பை மெல்லிய ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினாள்.

“கொஞ்சம் இருங்கம்மா. பித்தளைக் கீல் போட்டுத் தர்றேன். எத்தனை தடவை திறந்தாலும் தேயாது.”