ஏலத்துக்கு வந்த கம்ப்யூட்டர்

"இதுவும் ஒரு கம்ப்யூட்டரா வே?" என்று கூட்டத்தில் எழுந்து நின்றார் சுயம்புராஜ்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தேவாலயச் சபையின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை விடும் ஏலம். பதினேழு வருடமாக ஏலம் விடுகிறவன் நான்தான். இங்கே ஒரு பூசணிக்காயே ஆயிரம் ரூபாய்க்குப் போகும். புதுக்கடை வட்டாரத்தில் வேறு எந்தச் சபைக்கு அந்தக் கெத்து உண்டு?

அன்றைக்கு யாரோ காணிக்கையாக ஒரு புது ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரே கொடுத்திருந்தார்கள். மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடக்கம். அதைப் போய் இந்த மனுஷன்!

பூங்கனி அப்போதுதான் "ஐயாயிரம்" என்று ஆரம்பித்திருந்தாள். முந்திரி ஆலையில் அண்டி உடைக்கிறவள். மகள் பிரீனாவுக்கு வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கம்ப்யூட்டர் இல்லையென்றால் வேலையும் இல்லை. பூங்கனியிடம் இருந்தது எட்டாயிரம். யார் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். "எனக்க மவளுக்கு நான் வாங்கிக் குடுப்பேன்" என்பாள்.

"ஏழாயிரம்!" என்றான் எட்சன்.

"எடே எட்சா, ஒனக்குக் கிறுக்கா?" சுயம்புராஜ் விடவில்லை. துபாயில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர். "செலரான் புராசஸர். நாலு ஜிபி ராம். ஆன் பண்ணிட்டு சாயா குடிச்சிட்டு வரலாம். ஸ்கிரீன் போச்சுன்னா எல்லாம் போச்சு. இதுக்கு மேல கேக்கவனுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுன்னு அர்த்தம்."

"காணிக்கைப் பொருளைக் குறை சொல்லாதேயும் வே!" மைக்கிலேயே கத்தினேன்.

"உள்ளதைச் சொல்லுகேன்."

எட்சன் அசடு வழிய உட்கார்ந்துவிட்டான்.

பிரீனா அம்மாவின் கையைப் பிடித்தாள். "டைப் பண்ண இது தாராளமா போதும்மா."

"எட்டாயிரம்!" என்றாள் பூங்கனி.

"எட்டாயிரம் ஒரு தரம்... ரெண்டு தரம்..." முடிந்தமட்டும் இழுத்துப் பார்த்தேன். விவரம் கெட்டவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? ஒரு கையும் எழவில்லை.

"மூணு தரம்!"

பூங்கனி பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். உதவிக்கு வந்தவர்களையும் தொடவிடவில்லை.

"எனக்க சொந்தக் காசாக்கும்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லியபடி நடந்தாள். அந்த நடையைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஆனாலும் சுயம்புராஜ் மேல் இருந்த ஆத்திரம் அடங்கவில்லை.

சபைச் செயலாளர் செல்வதாஸிடம் பொரிந்து தள்ளினேன். "அந்த ஆளு வாய வச்சதுல சபைக்குப் பத்தாயிரமாவது நஷ்டம். அது போட்டும், ஆசையா வாங்கிக் குடுத்தவருக்கு மனசு எப்படி நொந்திருக்கும்?"

செல்வதாஸ் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூங்கனி காதுல மட்டும் விழப்பிடாது, கேட்டீரா? அதை வாங்கிக் குடுத்ததே சுயம்புராஜ்தான்."