திரையில் ஒரு வைக்கோல் போர்

“நிக்காதீங்க பெரியவரே. சிக்னல் முன்னாடிதான் இருக்கு, நடங்க.”

சாமிதுரை நடந்தார். வரப்பு ஒற்றை ஆள் அகலம். முன்னால் அவர், தோளில் மதியச் சாப்பாட்டு ஒயர் கூடையோடு. பின்னால் அலைவரிசைக் கண்காணிப்பு அதிகாரி மதிவாணன். கையில் மீன் முள் போல ஒரு ஆன்டெனா, கழுத்தில் தொங்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர். தமிழரசனின் மோட்டார் கொட்டகையை இருவரும் சுற்றுவது இது ஐந்தாவது முறை.

புகார் கொடுத்ததே தமிழரசன்தான். அவர் சிங்கப்பூரிலிருந்து போன் அடித்தால், இங்கே வாய்க்கால் கரையில் மோட்டார் தானாக ஓடித் தண்ணீரை உறிஞ்சும். மூன்று நாளாக ஓடவில்லை. கொட்டகையைச் சுற்றி எந்தப் போனிலும் சிக்னல் இல்லை. ஏதோ ஒரு கருவி அமுக்குகிறது.

மதிவாணன் நேற்றுக் காலையில் இர்பான் டீக்கடையின் டிவி பூஸ்டரைப் பறிமுதல் செய்தான். மாலையில் கோயில் சீரியல் லைட்டை. இரண்டையும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். டீக்கடையில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இன்று பிடிக்காவிட்டால் மெஷினை ஒப்படைத்துவிட்டு, ஆபீஸில் உட்கார்ந்து தபாலுக்கு முத்திரை குத்தலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வழிகாட்டத் தானாக முன்வந்த ஒரே ஆள் சாமிதுரை.

“அந்தப் பொட்டியில என்னதான் சார் தெரியுது?”

“குறுக்கே போறது அலைவரிசை. மேலே ஏறுறது அதோட பலம். அடியில நாத்தங்கால் மாதிரி இருக்கே, அது சும்மா இரைச்சல். டவர் சிக்னல்னா தென்னை மரமாட்டம் தனித்தனியா நிக்கும். இங்க பாருங்க, மரத்தையெல்லாம் மூடிக்கிட்டு வைக்கோல் போர் ஒண்ணு நிக்குது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புனா போர் உசருதோ, அந்தப் பக்கம்தான் திருடன்.”

“கிட்டப் போனா?”

“இன்னும் உசரணும். அதான் புரியல. காலையிலேர்ந்து ஒரே உசரம். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“போன வருசம் எங்க வயல்ல ஒரு நண்டு என் போனைத் தூக்கிட்டுப் போயிருச்சு சார். வளைக்குள்ள மூணு நாள் ரிங் அடிச்சுது. நாலாம் நாள் எடுத்துப் பேசுச்சு. இதையும் ஏதாவது நண்டு தூக்கிக்கிட்டு அலையுதோ என்னமோ.”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கிழக்கே ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு நடந்தார்.

“பசிக்குது பெரியவரே. கூடையில சோறு இருக்குன்னீங்களே?”

“வேலை முடியட்டும் சார். சாப்பிட்டா தூக்கம் வந்துரும்.”

ஏழாவது சுற்றில் மதிவாணன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“முடிஞ்சுது. நாளையிலேர்ந்து எனக்கு முத்திரைதான்.”

அப்போது கிழக்கே தூரத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில், ஒரு பெண் சிவப்புத் துண்டை உயர்த்தி ஆட்டினாள்.

“யாரது?”

“என் சம்சாரம் பூவம்மா. போன்தான் எடுக்கலியே, அதான் துண்டு.” சாமிதுரை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “அந்தக் கடைசி வயல் நம்மளுது சார். தமிழரசன் மோட்டார் ஓடுனா, முறை வச்சு வாய்க்கால்ல விடுற தண்ணி அங்க எட்டியே பாக்காது. மூணு நாள் முறை, இன்னியோட முடியுது. இப்பத்தான் வயல் நெறைஞ்சிருக்கு.”

சொல்லிக்கொண்டே ஒயர் கூடையை மதிவாணன் மடியில் இறக்கினார். திரையில் வைக்கோல் போர் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. வாழையிலைக்கு அடியில் சோறு இல்லை. ஆறு ஆன்டெனாக் கொம்பு முளைத்த ஒரு கறுப்புப் பெட்டி, பச்சை விளக்கு எரியக் கிடந்தது.

“வரப்போரமா கிடந்துச்சுன்னு எழுதிக்குங்க சார். கூடையை மட்டும் குடுத்துருங்க, அது பூவம்மா பின்னுனது.”