குடியிருப்பு

படகு கண்ணில் பட்டதுமே சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். அரை வேக்காட்டில் கிடந்ததை இனி யார் சாப்பிடப் போகிறார்கள்?

அடுப்பு கட்டில்மேல் இருந்தது. கட்டில் செங்கல்மேல் இருந்தது. செங்கல் தண்ணீருக்குள் இருந்தது.

"தம்பி, பெட்டியத் தூக்கு. இன்னிக்கு ராத்திரி கரையில கால நீட்டித் தூங்குறோம்."

வயர்லெஸ்காரன் நேற்றே பெட்டியைக் கட்டி மேசைமேல் வைத்திருந்தான்.

நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. அதில் ஓர் அறை, ஒரு கொடிக்கம்பம், உப்பேறிப்போன ஒரு கிணறு. இதற்குப் போய் எதற்குக் காவல் என்று வந்த புதிதில் அவன் கேட்டிருக்கிறான்.

"ஆள் இருந்தாத்தான் திட்டு நம்மது. திட்டு நம்மதா இருந்தாத்தான் சுத்தியிருக்கிற கடலு நம்மது. அடியில கேஸ் இருக்காம்ல. அதுக்குத்தான் நம்மள இங்க முளையடிச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க" என்றார் சமையல்காரர், வெங்காயம் உரித்தபடி.

முன்பெல்லாம் கடல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி விருந்தாளி மாதிரி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்த வருஷம் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டது.

கடல் வருஷத்துக்கு வருஷம் சூடாகிறதாம். தண்ணீர் சூடானால் பருமன் கூடும். பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அதைப் பார்த்திருக்கிறான். படுக்கையில் பார்ப்போம் என்று அப்போது நினைக்கவில்லை.

நாளை பௌர்ணமி.

இந்த முறை சுவர் தாங்காது, எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று போன வாரம் வயர்லெஸ்ஸில் கெஞ்சியிருந்தான். தலைமையகத்தின் குரல் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசும். அன்று என்னவோ இளகியிருந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், குடும்பம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது.

கரையோரம் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனதைச் சொன்னான். மனைவியும் மகளும் முகாமில், கூடாரத்தில் இருப்பதைச் சொன்னான். மகளுக்கு முன்பல் விழுந்ததைக்கூடச் சொன்னான்.

"சரி, ஏற்பாடு பண்றோம்" என்றது குரல்.

அன்று அவன் அழுததைச் சமையல்காரர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இப்போது படகு பக்கத்தில் வந்துவிட்டது. சமையல்காரர் துண்டைச் சுழற்றி ஆட்டினார்.

விளிம்புவரை முங்கி வந்தது படகு. ஆளை ஏற்ற வருகிற படகுக்கு எதற்கு இத்தனை பாரம்?

இரும்புக் கால்கள். தகரங்கள். சிமெண்ட் மூட்டைகள். முன்பக்கம் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை ஆடியது.

வயர்லெஸ்காரன் ஆட்டத் தூக்கிய கையைக் கீழே போட்டான்.

படகுக்காரர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காவலுக்கு நிக்கிறவன உலகக் கோர்ட்டுல ஆளாவே எடுத்துக்க மாட்டாங்களாம் தம்பி. குடும்பம் குடியிருக்கணுமாம். அப்பத்தான் இது நம்ம மண்ணாம்."

பிறகு சமையல்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க ஏறுங்க. சமைக்கத்தான் இனிமே வீட்டுல ஆள் இருக்கே."

சமையல்காரர் பெட்டியைத் தொடவில்லை. உள்ளே போய், அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

மனைவி முட்டளவு தண்ணீரில் இறங்கினாள். தலையில் மூட்டை. முதலில் அறையைப் பார்த்தாள், பிறகு அவனை.

"சொந்த வீடுன்னு சொன்னாங்களே" என்றாள். "கூடாரத்த அப்பவே வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்க."

அவன் சிப்பாயைப் பார்த்தான். சிப்பாய் கடலைப் பார்த்தான்.

மகளுக்குக் கொண்டாட்டம். பல் போன வாயெல்லாம் சிரிப்பாக, அம்மாவுக்கு முன்னால் தண்ணீரை உதைத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அங்கே சட்டென்று நின்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். புதுச் செருப்பு. இந்த வீட்டுக்காக வாங்கியது.

வாசலுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, இத எங்க விடுறது?"