கோவாவின் குளிர்

கடலுக்கு மேல் வெயில் இன்னும் பால்நிறத்தில்தான் இருக்கிறது. துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் ஊதி ஓய, சந்தைக் காகங்கள் ஒருமுறை எழுந்து அமர்கின்றன. மரக்கறி விற்கும் ரபீக்கா, கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி மலைநாட்டு நுவரெலியாவிலிருந்து வரும் லொறிக்காகக் காத்திருக்கிறாள். மூடை அவிழ்ந்ததும் கோவா என்கிற முட்டைக்கோசின் இலைகளுக்குள் விரலை நுழைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஒருநாளும் கண்டிராத அந்த மலை, பனியோடு விரல் நுனியில் வந்து நிற்கும். கோவா இறங்கினால் கருவாடு ஏறும். லொறிக்காரன் பெருமாளுக்கும் அவளுக்கும் அதுதான் ஏற்பாடு. இன்று வந்து நிற்பதோ வெள்ளை வேன். கண்ணாடிக்குள் கம்பளித் தொப்பிகள் கடலைப் பார்த்துச் சொக்கிக் கிடக்கின்றன. பெருமாள் இறங்கி ஒரேயொரு கோவாவை நீட்டுகிறான். "நம்ம தோட்டத்துல இப்ப குட்டிக் குட்டி ஹோட்டலுங்கக்கா. பனியப் பாக்க ஆளு வந்து குவியுது. நானும் வேனுக்கு மாறிட்டேன்." "நல்லந்தானே தம்பி. இந்தாங்க, உங்கட கருவாடு." அவன் வேனைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறான். "வேணாங்க்கா. உள்ள இருக்கிறவங்க மூக்கப் பொத்துவாங்க." நீட்டிய பொட்டலம் அவள் கையிலேயே நிற்கிறது. மறுகை விரல்கள் தாமாகவே கோவா இலைகளுக்குள் போகின்றன. அதே குளிர். மலை வந்துவிட்டதென்று கண்ணை மூடுகிறாள். அந்நேரம் யாரோ வேன் கதவைத் திறக்க, உள்ளே அடைபட்டிருந்த ஏசிக் காற்று அதே குளிரோடு அவள் முகத்தில் படுகிறது.