பதிலளித்தவர் எண் 212

இதில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தாலும் இன்று எனக்குச் சோறு இறங்காமல் போகட்டும்.

அவர் புத்தகத்தை மேசைமேல் அறைந்தார். பேனா ஸ்டாண்டு ஒரு சாண் எழும்பி, கொஞ்சம் யோசித்து, திரும்ப உட்கார்ந்தது.

"எண்பத்து நாலாம் பக்கம். நீங்களே வாசிங்க மேடம்."

பேராசிரியர் ஜெபராணி வாசித்தார். அவரே எழுதியதுதான். பணி ஓய்வுக்கு மக்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று நான்கு வருடம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய ஆய்வு. பதில் சொன்ன முந்நூறு பேருக்கும் நன்றியுடன் ஆளுக்கொரு பிரதி தபாலில் போயிருந்தது.

பதிலளித்தவர் எண் 212. ரயில்வே கேட்கீப்பர். வயது 58. ஓய்வுக்கு எவ்விதத் தயாரிப்பும் செய்யாதவர்.

"பேரு போடலையே அண்ணாச்சி. அது நீங்கன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இரண்டிலும் இடம் இருந்தது. உட்காரவில்லை. இந்தக் கோபத்தோடு உட்கார்ந்தால் சீட்டு தாங்காது என்று நின்றுகொண்டே வந்தார்.

மூன்று வருடமாக அவர் தயாராகிக்கொண்டிருந்தார்.

அதை இந்த அம்மாளிடமே சொல்லியும் இருந்தார். கேட் அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஜெபராணி அறுபத்து நான்கு கேள்வி கேட்டார். சேமிப்பு? மகள் கல்யாணத்தோடு சரி. சொந்த வீடு? இல்லை. பொழுதுபோக்கு? அதற்குப் பொழுது வேண்டுமே. வேறு ஏதாவது தயாரிப்பு?

"தூங்கப் பழகுதேன்" என்றார்.

ஜெபராணி சிரித்தார். அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். தாளைப் புரட்டினார்.

முப்பத்து நான்கு வருட வண்டி நேரமும் உடம்புக்குள் ஏறியிருந்தது. விடுப்பில் வீட்டில் படுத்தாலும் வண்டிக்கு வண்டி எழுந்து நிற்பார். சேர்ந்தாற்போல் ஒன்றரை மணி நேரம் தூங்கியதில்லை. மச்சினன் கல்யாணத்தில், மண்டபத்தில் கண்ணயர்ந்தவர், கொல்லம் வண்டி நேரத்துக்குச் சரியாக எழுந்துபோய் வாசலில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டார். மாப்பிள்ளை அழைப்பே வெளியே நின்றது. மேளம் நின்றது. பின்னால் ஒரு பால் வண்டியும் நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை மட்டும் குனிந்து, மூங்கிலுக்கு அடியில் நுழைந்து வந்தார்.

அந்த உடம்பைத்தான் அவர் பழக்கினார்.

வாரத்தில் ஒரு ஓய்வு நாள். முதலில் காதில் பஞ்சு. பிறகு பஞ்சு இல்லாமல். பிறகு மாவு மில்லில், மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்து. பிறகு அம்மன் கோயில் கொடை விழாவில், குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே.

முதல் வருடம் இரண்டு மணி நேரம். அடுத்த வருடம் நான்கு. போன பங்குனியில் ஆறரை. எழுந்து வந்து மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

எவ்விதத் தயாரிப்பும் செய்யாதவர்.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. தயாரிப்புன்னா எங்களுக்கு மூணே தலைப்புதான். பணம், உடல்நலம், சொந்தபந்தம். தூங்குறதை நான் எதுல கொண்டு சேர்க்க? தூக்கம் எல்லாருக்கும் தானா வாரதுதானே?"

தானாக.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மேசைக்கு முன்னால் தரையில் விரித்தார். படுத்தார்.

தூங்கினார்.

கோபமாகத் தூங்கினார். இரண்டு கை விரல்களும் மடங்கி, புருவம் நெரிந்து. மணி அப்போது பத்து பத்து.

அலுவலக உதவியாளர் தளவாய் ஓடி வந்தார். உலுக்கினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"மேடம், ஆளு போயிட்டாரா?"

ஜெபராணி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

"மூச்சு வருது. கோவமா வருது."

பட்டமளிப்பு விழா ஒத்திகைக்கு வந்திருந்த பேண்டு வாத்தியக் குழுவை அறைக்குள்ளேயே கூட்டி வந்தார்கள். இரண்டு முறை வாசித்தார்கள். கால் விரல்கூட அசையவில்லை. தீயணைப்பு மணியை அடித்தார்கள். கட்டடமே காலியாயிற்று, அவரைத் தவிர. துணைவேந்தர் பார்க்க வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சுவரில் சாய்ந்து இருபது நிமிடம் தாமும் கண்ணயர்ந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால்தான் தண்டவாளம். பன்னிரண்டு மணிப் பாசஞ்சர் நீளமாக ஊதிக்கொண்டு போனது.

எல்லோரும் மூச்சைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

புரண்டு படுத்தார்.

அவ்வளவுதான்.

நான்கு நாற்பதுக்குக் கண் விழித்தார். ஆறரை மணி நேரம், ஒரே தூக்கம். ஜெபராணி அதே நாற்காலியில் இருந்தார். அவருடைய மதியச் சாப்பாடு பிரிக்காமல் கிடந்தது. எண்பத்து நாலாம் பக்கத்தில் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். மேலே எழுதியிருந்தார்: முழுத் தயாரிப்புடன் இருப்பவர். மற்றவர்களில் எவரும் இவ்வளவு தூரம் போகவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் துண்டை நான்காக மடித்தார். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"மத்தவங்க கையில இருக்கிற புத்தகம்?"

"முந்நூறு பேருக்கும் என் கைப்படக் கடுதாசி போடுதேன்."

அன்று அவருக்கு வேலை நாள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அவருடைய கேட்டைப் பத்தொன்பது வண்டிகள் கடந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. பத்தொன்பதுக்கும் நேரே, அவர் துண்டில் தூங்கிய நேரத்து வண்டிகளுக்கும் சேர்த்து, அந்தந்த நிமிடத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.